வரவில்லை என்று எழுதியிருக்கிறார்கள்

ஜனவரி வந்துவிட்டால், பெஹாலாவில் எங்கள் தெருமுனை மிட்டாய்க் கடையை நான் சாலையின் எதிர்ப்பக்கமாகத்தான் கடப்பேன். புது ஈச்ச வெல்லம் வந்து இறங்கியிருக்கும். நொலேன் குர் என்று இங்கே பெயர். அதைப் போட்டுக் கிளறிய சந்தேஷின் மணம் தெரு முழுக்க நிற்கும். குரங்குக் குல்லாய் போட்ட பெரியவர்கள் காலையிலேயே வந்து வரிசை கட்டுவார்கள். எனக்கோ அந்த மணம் மூக்கில் ஏறிய உடனே பற்றிக்கொண்டு வரும். இந்த ஊரில் பிறந்து, இந்த ஊரிலேயே வேலை பார்த்து, குளிர்காலத்தில் நொலேன் குர் சந்தேஷைத் தொடாத ஜென்மம் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். ஒரு இனிப்பின் மேல் இத்தனை கோபமா என்று கேட்பீர்கள். கேளுங்கள். சொல்கிறேன். ஆனால் நிதானமாகச் சொல்லுவேன் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள்.

இந்த வருஷம் எதிர்ப்பக்கமாக நடந்தும் தப்பிக்க முடியவில்லை. எங்கள் வங்கிக் கிளையில் சுதேஷ்ணா என்றொரு பெண் புதிதாகச் சேர்ந்திருக்கிறாள். கெட்டிக்காரி, வாய்தான் ஓயாது. என்னை திதி என்பாள், வங்காளத்தில் அக்கா. ஒரு மத்தியானம் சந்தேஷ் பெட்டியைக் கொண்டுவந்து என் மேஜையிலேயே திறந்து வைத்தாள். நான் மூச்சை அடக்கிக்கொண்டு கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் ஒரு கையில் சந்தேஷும் இன்னொரு கையில் ஃபோனுமாக, "திதி, உங்க பாக்ஸர் ரிட்டயர் ஆயிட்டாங்களாம்!" என்றாள்.

என் பாக்ஸர்! எப்போதோ ஒரு நாள் டீ குடிக்கும்போது, இந்த உலகச் சாம்பியனோடு நான் ரிங்கில் ஏறியிருக்கிறேன் என்று அவளிடம் உளறி வைத்திருந்தேன். அந்தச் சாம்பியனுக்கு அய்னூர் என்று ஒரு பெயர் வைத்துக்கொள்வோம். எந்த நாட்டுக்காரி என்று சொல்ல மாட்டேன். அந்த நாட்டு ஜனங்கள் எனக்கு ஒரு கெடுதலும் செய்ததில்லை. சுதேஷ்ணா அவளுடைய ஆட்ட வரலாறு முழுவதையும் ஃபோனில் எடுத்து வைத்திருந்தாள். பணத்துக்கு ஆடத் தொடங்கிய பிறகு முப்பதுக்குப் பக்கமாக வெற்றிகள். தோல்வி என்ற கட்டத்தில் ஒரு சைபர், முட்டை மாதிரி வழவழவென்று உட்கார்ந்திருந்தது. எந்த ஊர், யார் எதிரே, எத்தனையாவது ரவுண்டு, நாக்-அவுட்டா புள்ளியா, எல்லாம் வரிசையாக இருந்தது. அதற்கும் கீழே, சின்ன வயதில் நாடு நாடாகப் போய் ஆடிய அமெச்சூர் போட்டிகள். அவற்றில் அவள் தோற்றதும் உண்டு. மறைக்கவில்லை. அவளைத் தோற்கடித்த ஒவ்வொருத்தியின் பெயரும் பக்கத்தில் இருந்தது. அப்படியானால் என் பெயரும் இருக்கத்தானே வேண்டும். இதோ வரப்போகிறது, இதோ வரப்போகிறது என்று மேலே தள்ளிக்கொண்டே போனேன். கொல்கத்தா வந்தது. அரையிறுதி. எதிராளி என்ற இடத்தில் என் பெயர் இல்லை, இந்தியா என்று மட்டும் இருந்தது. முடிவு என்ற இடத்தில், வெற்றி, வாக்-ஓவர்.

வாக்-ஓவர் என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். எதிராளி ரிங்குக்கு வரவே இல்லை, ஆகவே வந்தவளுக்கு வெற்றி. சுதேஷ்ணா வாயில் சந்தேஷோடு என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"திதி, ஆப்னி ஜான்னி?"

நீங்கள் போகவே இல்லையா என்று கேட்கிறாள். நேற்றுப் பிறந்த பெண்! அன்றைக்கு அந்தப் பெட்டியைத் தூக்கி எறியாமல் இருந்ததற்கு எனக்கு யாராவது மாலை போட வேண்டும்.

போனேன். போனேன் என்பது என்ன, சாந்த்ராகாச்சியிலிருந்து பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போனேன். அப்பாவுக்கு ரயில்வே யார்டில் ஆபீஸ் வேலை. குவார்ட்டர்ஸ் அங்கேதான். ராத்திரி பகல் என்று இல்லாமல் கூட்ஸ் வண்டிகள் ஒன்றையொன்று முட்டிக்கொள்ளும் சத்தம். முட்டி முட்டி நிற்கும், மறுபடி முட்டும். அந்தச் சத்தத்தில் வளர்ந்ததால்தான் இவளுக்கு இந்தப் புத்தி வந்தது என்பது அம்மாவின் கட்சி. உண்மையில் வந்தது வேறு விதமாக. கிதிர்பூரிலிருந்து என் வகுப்பில் படித்த ஒரு பெண் ஒரு கிளப்புக்குக் குத்துச்சண்டை பழகப் போனாள். துணைக்கு வா என்றாள். போனேன். பெஞ்சில் உட்கார்ந்திருந்தவளைப் பார்த்து அங்கிருந்த கோச், "உட்கார்ந்து என்ன செய்யப் போறே, மாட்டிக்கோ" என்று ஒரு ஜோடி கிளவுஸை மடியில் போட்டார். துணைக்குக் கூப்பிட்டவள் இரண்டு மாதத்தில் நின்றுவிட்டாள்.

அந்தக் கிளவுஸ் வாடை இருக்கிறதே, அதை என்னவென்று சொல்ல! இருந்ததே நாலைந்து ஜோடிதான். ஒருத்தி கழற்றினால் இன்னொருத்தி மாட்டுவாள். உள்ளே இன்னொருத்தியின் வேர்வை இன்னும் வெதுவெதுப்பாக இருக்கும். ஈரத்தோலும் பழைய பஞ்சும் ஊறிய நாற்றம். வீட்டுக்கு வந்து சோப்புப் போட்டுத் தேய்த்தாலும் போகாது. தட்டில் ரசம் சாதத்தைப் பிசைந்து வாய்க்குக் கொண்டுபோனால் கை மணக்கும், அதாவது நாறும். அம்மா மூக்கைப் பிடித்துக்கொள்வாள். "மூக்கு ஒடஞ்சு போச்சுன்னா ஒன்ன எவன் கெட்டுவான்?" என்பாள். என் மூக்கைப் பார்த்தால் உடைவதற்குப் பெரிதாக ஒன்றும் இல்லை என்பது உங்களுக்கே தெரியும். எங்கள் அப்பா வழி மூக்கு, பிறக்கும்போதே தட்டி வைத்தது.

அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அப்பா எதற்குமே ஒன்றும் சொன்னதில்லை. அதுதான் என் கோபத்தின் அடிவேர், அங்கேதான் வருகிறேன்.

அப்பாவின் பெயர் சங்கரலிங்கம். யார்டில் எல்லோருக்கும் ஷங்கர் பாபு. அவருடைய தாத்தா காலத்திலேயே திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து இந்த ஊருக்கு வந்துவிட்டார்கள். அப்பா பிறந்தது இங்கே. படித்தது இங்கே. அவர் பேசும் வங்காளத்தில் திருநெல்வேலி ராகம் கொஞ்சம் இழுக்குமே தவிர, இலக்கணத்தில் பிசகு கிடையாது. ஆனால் கேட்டால், "நாம வந்தவியல்லா, பாத்து நடந்துக்கிடணும்" என்பார். யார் வந்தது? எப்போது வந்தது? இதெல்லாம் கேட்கக் கூடாது. பூஜைக்குச் சந்தா கேட்டு பையன்கள் வந்தால் முதல் ஆளாகக் கொடுத்துவிடுவார், அவர்கள் கேட்டதற்கு மேலேயே. பக்கத்துக் குவார்ட்டர்ஸின் சாக்கடை எங்கள் வாசலில் வந்து தேங்கினால், கால்சராயை மடக்கிவிட்டுக்கொண்டு அவரே இறங்கிக் குத்திவிடுவார். அந்த வீட்டுக்காரர் மாடியில் நின்று பேப்பர் படித்துக்கொண்டே, "இடது பக்கம் பாருங்க ஷங்கர் பாபு" என்று யோசனை சொல்வார். அம்மா உள்ளே பாத்திரத்தை நங்கென்று வைப்பாள். எனக்கு அந்த நங்கு என்ற சத்தம் ரொம்பப் பிடிக்கும்.

என் போட்டிகளுக்கு அப்பா வந்துவிடுவார். வருவார், ஆனால் உட்கார மாட்டார். நாற்காலி காலியாகக் கிடக்கும். "வேற யாருக்காச்சும் வேணும்லா" என்று கதவோரம் நிற்பார். ரிங்கின் மேலே இருந்து பார்த்தால் எனக்கு அந்தக் கதவும், கதவில் சாய்ந்த பாதி அப்பாவும் தெரியும். எவளாவது என் முகத்தில் குத்தினால் அந்தப் பாதி அப்பா மறைந்துவிடும். மறுபடி எட்டிப் பார்க்கும்.

அப்படித்தான் அன்றைக்கும் நின்றார். டாக்குரியாவில் ஒரு கிளப் ஹால். இப்போது அந்தக் கிளப்பின் பெயரைச் சொல்லி என்ன ஆகப்போகிறது. அந்தக் காலத்தில் பெண்கள் குத்துச்சண்டை என்றால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். ஆனாலும் கிளப்பின் செக்ரட்டரி மஜும்தார் பாபு அலைந்து திரிந்து வெளிநாட்டு அணி ஒன்றை வரவழைத்துவிட்டார். ஊரெல்லாம் அதைத்தான் சொல்லிக்கொண்டு திரிந்தார். தகர நாற்காலிகளுக்கு வெள்ளைத் துணி மாட்டியிருந்தார்கள். விருந்தாளிப் பெண்களுக்குத் தனி அறை, ஹீட்டர், ஆரஞ்சுப் பழம். எங்களுக்கு மாடிப்படிக்குக் கீழே ஒரு திரை.

அய்னூர் என்னைவிட உயரம். நீளக் கை. எட்ட நின்றே தட்டித் தட்டிப் புள்ளி எடுத்துவிடுகிற கை. முதல் ரவுண்டில் நான் எங்கே இருக்கிறேன் என்றே எனக்குத் தெரியவில்லை. மூஞ்சியில் பொத் பொத்தென்று விழுகிறது. இரண்டாவது ரவுண்டில்தான் ஒன்று கண்ணில் பட்டது. இடது கையை நீட்டுவதற்கு ஒரு நொடி முன்னால் அவளுடைய வலது கை கன்னத்தை விட்டுக் கீழே இறங்குகிறது. ஒவ்வொரு தடவையும். பின்னாளில் உலகத்தையே ஜெயித்தவள் அந்தப் பழக்கத்தை எங்கே விட்டாளோ தெரியாது, அன்றைக்கு அது இருந்தது. அது இறங்கும் போதெல்லாம் நான் உள்ளே புகுந்தேன். வயிற்றில் ஒன்று, தாடையில் ஒன்று. மூன்றாவது ரவுண்டில் அவள் மூக்கிலிருந்து ரத்தம் வந்தது. தலை முட்டி என் புருவமும் கொஞ்சம் கிழிந்தது. மணி அடித்தது. ரெஃப்ரி எங்கள் இருவர் கையையும் பிடித்துக்கொண்டு நடுவில் நின்றார். தூக்கியது என் கையை.

என் கையை. எத்தனை வருஷம் ஆனால் என்ன, அந்தத் தோள்பட்டை இழுபட்டது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. அய்னூர் என்னைக் கட்டிப் பிடித்து அவள் பாஷையில் ஏதோ சொன்னாள். நல்ல பெண். அவள் மேல் எனக்கு அன்றும் கோபமில்லை, இன்றும் இல்லை. கதவைப் பார்த்தேன். அப்பா கதவை விட்டு முழுசாக வெளியே வந்து, இரண்டு கையாலும் தலைக்கு மேல் தட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒருவர் திரும்பிப் பார்த்ததும் சட்டென்று கையை இறக்கிக்கொண்டார்.

மறுநாள் காலை மஜும்தார் பாபு வந்தார். ஞாயிற்றுக்கிழமை. குவார்ட்டர்ஸ் வாசலில் டாக்ஸி வந்து நின்றதே எங்கள் லைனுக்குச் செய்தி. கையில் சந்தேஷ் பெட்டி, பெரிய பெட்டி. வாசலிலேயே வெல்ல மணம். நான் உள்ளறையில் புருவத்தில் மருந்து வைத்துக்கொண்டிருந்தேன். நடுவில் ஒரு திரைச்சீலைதான். அம்மா காபி கொடுத்தாள். "ஆஹா, மாத்ராஜி காபி!" என்று உறிஞ்சினார். என் ஆட்டத்தைப் புகழ்ந்தார். வங்காளத்தின் சிங்கக்குட்டி என்றார். வங்காளத்தின் என்றதும் அப்பா குளிர்ந்து போனார், எனக்குத் திரை வழியாகவே தெரிந்தது. அப்புறம் மஜும்தார் பாபு குரலைத் தாழ்த்தினார். புருவத்தில் காயம், இன்றைக்கு இறுதிப் போட்டி, பெண் குழந்தையின் முகம், நாளைக்குக் கல்யாணம் காட்சி. அத்தோடு வந்திருப்பவர்கள் விருந்தாளிகள். அவ்வளவு தூரத்திலிருந்து வந்து ஃபைனலில் ஒருத்தி கூட இல்லை என்றால் நன்றாகவா இருக்கும்? மேடையில் பெரிய மனிதர்கள் உட்காரப் போகிறார்கள். உடம்பு சரியில்லை என்று நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

"ஏக்டு அட்ஜஸ்ட் கொரே நின், ஷங்கர் பாபு."

கொஞ்சம் அட்ஜஸ்ட் செய்துகொள்ளுங்கள். அட்ஜஸ்ட்! அந்த ஒரு வார்த்தையைச் சொன்னால் எங்கள் அப்பா தன் நிழலைக் கூட நகர்த்தி வைத்துவிடுவார். "சரி மொஷாய். அதுக்கென்ன" என்றார். என்னைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்கவில்லை. திரையை விலக்கிக்கொண்டு நான் ஓடிவந்தபோது டாக்ஸி கதவு சாத்தப்படும் சத்தம் கேட்டது. நான் போட்ட கூச்சலில் பக்கத்துக் குவார்ட்டர்ஸ்காரர் பேப்பரை மடக்கிவிட்டார்.

"ஏட்டி, போட்டும். வந்த பிள்ள மனசு சங்கடப்படக் கூடாதுல்லா" என்றார் அப்பா. கையில் அந்தப் பெட்டி. "ஒண்ணு எடுத்துக்கோ."

மூன்று தலைமுறையாக இந்த ஊரில் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறவர், நாலு நாள் வந்தவளுக்கு எழுந்து இலையை விட்டுக் கொடுத்துவிட்டார். அதுவும் தன் இலையை அல்ல, என் இலையை! அன்று மாலை அய்னூர் ஃபைனலில் ஆடி ஜெயித்தாள் என்று கேள்விப்பட்டேன். எனக்குப் பதிலாக அவளை ஏற்றியிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். அவ்வளவுதான் நினைத்தேன்.

அதற்குப் பிறகு நான் கிளவுஸைத் தொடவே இல்லை என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். பொய். இரண்டு மூன்று வருஷம் போனேன். ஜெயித்தேன், தோற்றேன், ஒரு பல் ஆடியது. பிறகு வங்கிப் பரீட்சை எழுதினேன், வேலை வந்தது, கல்யாணம் வந்தது. மூக்கு முழுசாகத்தான் இருந்தது. அய்னூர் வளர்ந்து வளர்ந்து டி.வி.யில் பெல்ட்டைத் தோளில் போட்டுக்கொண்டு நிற்கும்போதெல்லாம், குக்கரைத் திறந்துகொண்டே, ஒரு நாள் இவள் மூக்கில் ரத்தம் வரவழைத்தவள் நான் என்று எனக்குள் சொல்லிக்கொள்வேன். ஃபைனல் போனால் போகட்டும், அது என்னிடம் இருந்தது. வேறு யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. பெல்ட்டும் வேண்டாம். எங்கோ ஓரிடத்தில் அது நடந்தது நடந்தபடி இருக்கிறது என்பதே போதுமாக இருந்தது.

இல்லையாம். சுதேஷ்ணாவின் ஃபோனைப் பார்த்தபோதுதான் மரமண்டைக்கு உறைத்தது. தோற்றவளை ஃபைனலில் ஏற்றுவதென்றால், முந்தின நாள் நடந்தது நடக்காததாக வேண்டும். நடக்காததாக்கிவிட்டார்கள். கிழிந்த புருவத்தோடு நின்றவள் வரவே இல்லை என்று எழுதிவிட்டார்கள். அதை அப்படியே உலகமெல்லாம் எடுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறது. அவள் யார் யாரிடமோ தோற்றதெல்லாம் பெயரோடு நிற்கிறது. நான் மட்டும் ஆளே இல்லை.

அன்று மாலை வீட்டுக்குப் போன வேகத்தில் செருப்பைக் கூடக் கழற்றவில்லை. அம்மா போன பிறகு அப்பா எங்களோடுதான் பெஹாலாவில் இருக்கிறார். ஜன்னலோரம் மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஃபோனை அவர் மூக்குக்கு நேரே நீட்டினேன். கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்தார்.

"வாக்-ஓவர்னா என்னட்டி?"

"எதிராளி ரிங்குக்கு வரலன்னா கொடுக்கற ஜெயம்."

"யாரு வரல?"

"நான் வரலயாம்."

"நீ வந்தியே! நான் கதவுக்கிட்ட நின்னு பாத்துக்கிட்டு இருந்தேன்லா. அந்தப் பிள்ள மூக்குல ரெத்தம் வந்துதே!"

"வந்தேன். ஜெயிச்சேன். நீங்கதான் ஒரு பெட்டி சந்தேஷ வாங்கிக்கிட்டு இல்லன்னு ஆக்கிட்டீங்க."

இத்தனை வருஷம் வாய்க்குள்ளேயே வைத்திருந்தது, சொன்ன வேகத்தில் எனக்கே காது அடைத்தது. வழக்கமான 'போட்டும்' வரும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். வந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று எனக்குத் தெரியாது. வரவில்லை. அப்பா ஃபோனைத் திருப்பிக் கொடுக்காமல் வைத்துக்கொண்டே இருந்தார்.

"அவரு ஃபைனலத்தானட்டி கேட்டாரு" என்றார் மெதுவாக. "கண்ணுக்கிட்ட அடி, இன்னைக்கி பிள்ளைய ஏத்தாண்டாம்னாரு. சரின்னேன். மொத நாளு ஆட்டத்த யாரு கேட்டா? அத நான் யாருக்குங் குடுக்கலயே."

ஃபோனை மறுபடி கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு, "அத எப்படி அவரு எடுக்கலாம்?" என்றார்.

எனக்கு இது புதிது. அப்பாவின் வாயிலிருந்து 'எப்படி எடுக்கலாம்' என்று ஒரு கேள்வி! ரேஷன் கடையில் கேட்டதில்லை. ஆபீசில் இவருக்கு வரவேண்டிய பதவி உயர்வை இன்னொருத்தர் தட்டிக்கொண்டு போனபோது கேட்டதில்லை. ஃபோனில் அந்தப் பக்கத்தின் அடியில், தவறு இருந்தால் போட்டியை நடத்தியவர்களின் கடிதத்தோடு எழுதுங்கள் என்று போட்டிருந்தது. அதைப் படித்துக் காட்டினேன். மறுநாள் சனிக்கிழமை, நான் எழுந்து வரும்போதே அப்பா குளித்து, பழைய கோட்டு மாட்டி, ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தார்.

"கெளம்பு. டாக்குரியா போணும். எழுதி வாங்கணும்."

டாக்ஸியில் வழி முழுக்க ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தார். நொமொஷ்கார், நான் ஷங்கர் பாபு, உங்கள் மேல் எனக்கு ரொம்ப மரியாதை உண்டு, என்று தொடங்கினார். பாலத்தின் மேல் நெரிசலில் நின்றபோது மரியாதையை எடுத்துவிட்டார். டாக்குரியா ஏறக்குறைய வந்தபோது நொமொஷ்காரும் போய்விட்டது. மஜும்தார் பாபு இருப்பாரா என்று கேட்டேன். இருந்தால் தொண்ணூறு தாண்டியிருக்கும். "மகன் இருப்பான்லா" என்றார்.

இடத்தைக் கண்டுபிடிக்க முடியவில்லை. இரண்டு தடவை அதே தெருவில் போய் வந்தோம். மூலையில் இஸ்திரி போடுகிறவர்தான் காட்டினார், அதோ அதுதான் என்று. மாடி மாடியாகக் கண்ணாடி போட்ட கட்டடம். மஜும்தார் பாபு போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகிவிட்டதாம். மகன் எங்கோ வெளிநாடு. கிளப் கலைந்து, நிலத்தை விற்று, பங்கு போட்டுக்கொண்டு போய்விட்டார்கள். கீழ்த்தளத்தில் பாதி கார் நிறுத்துமிடம், பாதி ஒரு ஜிம். சுவரில் பெரிய படம், ஒரு பெண் கிளவுஸ் போட்டுக்கொண்டு பல் தெரியச் சிரிக்கிறாள். நகப்பூச்சும் அதே சிவப்பில். கிளவுஸுக்குள் இருக்கும் நகம் எப்படித் தெரிகிறது என்று பார்த்தால், விரல் வெளியே தெரிகிற மாதிரி ஒரு கிளவுஸ்!

உள்ளே ஏர்கண்டிஷன் குளிர், எலுமிச்சை வாசனை. ரிசப்ஷனில் இருந்த பெண் எழுந்து நின்று, "வாங்க மேஷோமொஷாய், உட்காருங்க" என்று மாமா முறை சொல்லி வரவேற்றாள். அப்பா உட்காரவில்லை. நேராக விஷயத்துக்கு வந்தார். இந்த இடத்தில் என் மகள் ஆடினாள், ஜெயித்தாள், வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள், மாற்றிக் கொடுங்கள். வங்காளம் சரளமாக வந்தது. அந்தப் பெண் ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தாள். பிறகு ஏதோ புரிந்த மாதிரி முகம் மலர்ந்தது. "பேர் சொல்லுங்க, பாத்துடறேன்" என்று கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினாள். அப்பா என் பெயரைச் சொன்னார், இனிஷியலோடு. அவள் தட்டினாள். உதட்டைப் பிதுக்கினாள்.

"இல்ல மேஷோமொஷாய். உங்க பொண்ணு இங்க வந்ததா சிஸ்டத்துல இல்லயே. எந்த பேட்ச்?"

நான் அந்தப் பெண்ணைக் குறை சொல்லவில்லை. அவளுக்கு என்ன தெரியும்! ஆனால் அப்பா இரண்டு கையாலும் அந்த மேஜையை ஓங்கி அடித்தார். பேனா ஸ்டாண்டு விழுந்து உருண்டது.

"ஆமார் மேயே எஷேச்சிலோ!"

என் மகள் வந்திருந்தாள் என்கிறார். கத்துகிறார். எண்பதை எட்டப்போகிற மனிதர், வாழ்நாளில் முதல் தடவையாக இந்த ஊரில் குரலை உயர்த்திக் கத்துகிறார். "எஷேச்சிலோ! நான் பாத்தேன்! ரத்தத்தோட நின்னா!" கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருபது பேர் காதில் எதையோ மாட்டிக்கொண்டு, ஒரே இடத்தில் ஓடிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தர் கூடத் திரும்பவில்லை. செக்யூரிட்டி ஓடிவந்து, வயதானவர் என்பதால் தொடுவதா வேண்டாமா என்று தயங்கி நின்றார்.

யாரிடம் கத்துவது? ரிங் இருந்த இடத்தில் கார் நிற்கிறது. கையெழுத்துப் போட வேண்டியவர் சாம்பலாகிவிட்டார். என் கையைத் தூக்கிய ரெஃப்ரி எங்கே என்று தெரியாது. இத்தனை வருஷம் அப்பா மேல் வைத்திருந்த கோபத்தை இனி நான் எந்த முகத்தோடு வைத்துக்கொள்வது? அவருக்குக் கோபம் வந்து சேர்ந்த நேரத்தில், வாங்கிக்கொள்ள ஓர் ஆள், தட்டுவதற்கு ஒரு கதவு, ஒன்றையும் மிச்சம் வைக்காமல் சுத்தமாகத் துடைத்துவிட்டுப் போய்விட்டார்கள், பாவிகள். இதை எழுதும்போது கூட எனக்குக் கை பரபரக்கிறது.

அப்பா மூச்சு வாங்கிக்கொண்டு நிறுத்தினார். நிறுத்திவிட்டு, பழைய வழக்கப்படி சுற்றிலும் ஒரு பார்வை பார்த்தார், யாருக்காவது சங்கடமாகிவிட்டதோ என்று. ரிசப்ஷன் பெண் எழுந்து நின்றுவிட்டாள். செக்யூரிட்டி என்னைப் பார்த்து, கொஞ்சம் அழைத்துக்கொண்டு போங்களேன் என்று கண்ணால் கெஞ்சினார்.

"ஏட்டி, சத்தம் போட்டுட்டேனோ?" என்றார் அப்பா.

"கேக்கலப்பா" என்றேன். "இன்னும் சத்தமா சொல்லுங்க."